கணக்குக் கேட்பவர்கள்

தமிழகத்தில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. ஆண்டுக்கு ஆறு நாள் அங்கே கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பி, ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருள்களை வாசிப்பார். அதில் ஒரு பொருள் மாறாமல் வரும். ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30இல் வைத்து சபையின் ஒப்புதல் பெறுவது. பெரும்பாலான ஊர்களில் அது ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். யாராவது எழுந்து, “அந்தத் தெருவிளக்குக் கணக்கை இன்னொரு தடவை படிங்க சார்” என்று கேட்டுவிட்டால் போதும், அதுவரை பேச்சும் சிரிப்புமாக இருந்த கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அரசியல் கெட்டுக் கிடக்கிறது, சாதாரண ஆள் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு நம்மிடம் வழக்கமாக மூன்று பதில்கள் உண்டு. நல்லவருக்கு ஓட்டுப் போடு, தெருவில் இறங்கு, முடிந்தால் நீயே தேர்தலில் நில். மூன்றிலும் உண்மை இருக்கிறது, மூன்றும் போதவில்லை என்பதும் அனுபவம். கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவில், சிறப்பாகத் தமிழகத்தில், குடிமக்கள் கைக்கொண்ட வழிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கணக்குக் கேட்பதற்கு நிரந்தரமான ஓர் இடத்தையோ தாளையோ உண்டாக்கிய முயற்சிகள் நிலைத்தன. ஆளை மாற்றுவதோடு நின்றுவிட்டவை அந்த ஆளோடு போயின.

ஓட்டும் துட்டும்

2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற தொடர் தமிழகத் தேர்தல் பேச்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே நிறுத்த வேண்டி வந்தது. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது விதி. அவருடைய கட்சி செய்யும் செலவுக்கோ உச்சவரம்பு இல்லை. கணக்குப் புத்தகத்தில் சட்டமே விட்டுவைத்த ஓட்டை இது.

பட்டுவாடாவைப் படம் பிடித்து அனுப்ப ‘சி-விஜில்’ என்ற செயலியை ஆணையம் 2018 முதல் நடத்துகிறது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் வாக்குறுதி. பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஆனாலும் பணத்தையோ அதற்கான டோக்கனையோ கொடுக்க வருபவர் பெரும்பாலும் அதே தெருக்காரர். நாளை ரேஷன் கடை வரிசையிலும் துக்க வீட்டிலும் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். தனி ஆள் இந்தப் புகாரைச் செய்யத் தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த ‘நோட்டா’ பொத்தான் வெறுப்பைப் பதிவு செய்கிறது, முடிவை மாற்றுவதில்லை. நோட்டா முதலிடம் பெற்றாலும் அதற்கு அடுத்தபடியாக வந்தவரே வென்றவர். இதைவிட ஓசையில்லாத, ஆனால் பயன் மிக்க வேலை வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்றது ஆணையம். நீக்கம் சரியா என்பதைத் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. மூன்றாவது வீட்டுப் பாட்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பது அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். தன் வாக்குச்சாவடியின் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்து, விடுபட்டவர்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க நான்கு பேர் போதும். கட்சி முகவர்களிடம் விட்டுவிட்ட இந்த வேலையில் கட்சி சாராதவர்கள் நுழைய எந்தத் தடையும் இல்லை.

வழக்கு மன்றப் படிகள்

1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) என்ற அமைப்பாகச் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேட்பாளர்மீது என்னென்ன குற்ற வழக்குகள் உள்ளன, சொத்து எவ்வளவு என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பது கோரிக்கை. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்று ஏற்றது. எதிரும் புதிருமான கட்சிகள் ஒன்றுகூடி அதை மறித்தன. தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத் திருத்தமும் வந்தது. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் மையப் பிரிவைச் செல்லாதென்றது. இன்று ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம், தேர்தலில் நின்றிராத சில வாத்தியார்கள் வாங்கித் தந்தது.

2013 ஜூலையில் லில்லி தாமஸ் என்ற மூத்த வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறும் மக்கள் பிரதிநிதி அந்த நொடியே பதவி இழப்பார் என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டே தமிழக முதல்வர் ஒருவர் பதவி இழந்ததை நாம் பார்த்தோம். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று அறிவிக்கப்பட்டு, எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்ற பட்டியல் வெளியே வந்ததும் இதே சங்கம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கினால்தான்.

இந்த வழியின் வலுவும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பத்திர வழக்கு தொடுக்கப்பட்டது 2017இல், தீர்ப்பு 2024இல். இடையில் 2019 பொதுத்தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. படிவம் 26 வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் வழக்கு உள்ளவர்களுக்குக் கட்சிகள் சீட்டுக் கொடுக்கின்றன, நாமும் ஓட்டுப் போடுகிறோம். தாள் தானாக ஓடி வாக்காளரிடம் சேராது. தேர்தலுக்கு முந்தைய வாரம் தம் தொகுதி வேட்பாளர்களின் பத்திரங்களைத் தரவிறக்கி, சொத்து, கடன், வழக்கு என்று ஒரே பக்கத்தில் சுருக்கித் தெருவில் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சட்டம் படித்தவராக இருக்கத் தேவையில்லை.

பத்து ரூபாய் வில்லை

தகவல் உரிமைச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழகம், ஆண்டு 1997. விதிவிலக்குகள் மிகுந்த அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் சொற்பம். மேலிருந்து வந்த சட்டம் என்பதால் அதைக் கையில் எடுக்கக் கீழே ஆளில்லை. ராஜஸ்தானில் நடந்தது வேறு. 1990இல் தேவ்தூங்ரி என்ற சிற்றூரை மையமாக வைத்து அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்ச நிவாரண அரசு வேலைகளில் குறைந்தபட்சக் கூலி ஏன் கைக்கு வருவதில்லை என்ற கேள்வியிலிருந்து புறப்பட்டது. பதில் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டைக் காட்ட அதிகாரிகள் மறுத்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கட்டாத கட்டடத்துக்கு எழுதிய பில்லையும், வேலை செய்யாதவர் பெயரில் எடுத்த கூலியையும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பது அவர்களுடைய முழக்கம். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. அங்கிருந்து வளர்ந்த கோரிக்கைதான் 2005 அக்டோபர் 12 அன்று நாடு முழுவதற்குமான சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

இன்று ‘ஆர்.டி.ஐ. போடுவது’ தமிழகக் கிராமங்களிலும் புழங்கும் சொல். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். பழகியவர்கள் ஒரு நுணுக்கம் சொல்வார்கள். “ஏன் எங்கள் ஊருக்குச் சாலை போடவில்லை?” என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும், அல்லது வராது. சாலைக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். எம்-புக்கில் எத்தனை மீட்டர் என்று இருக்கிறதோ, அதை டேப் வைத்து அளந்துவிடலாம். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது.

ஆனால் இந்த வழியில் இரத்தமும் சிந்தியிருக்கிறது. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் கல்குவாரிகள்மீது தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஒருவர் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரித் தரப்பினர் கைதானார்கள். போதாததற்கு, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற காரணத்தின் கதவை அகலத் திறந்துவிட்டிருக்கிறது. பயனாளிகள் பட்டியலும் ஒப்பந்ததாரர் பெயரும் அந்தக் கதவின் பின்னே போய்விடலாம் என்பது களத்தில் இருப்பவர்களின் அச்சம். கோட் கிரானாவில் பதிவேட்டைப் படித்தவர் தனி மனிதர் அல்லர், சுற்றிலும் ஊர் நின்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மனுவில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் அந்தப் பெயரை அகற்றினால் போதும் என்று எதிராளிக்குத் தோன்றும். இருபது பேர் இருபது மனு போட்டால் அந்தக் கணக்கு மாறும்.

தீர்மானத்தின் எடை

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் கிராம சபையை அரசமைப்புக்குள் கொண்டுவந்தது. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் பிரதிநிதிகளின் சபைகள்; வாக்காளர் அனைவரும் உறுப்பினராக இருக்கும் ஒரே சபை இது. இதன் தீர்மானம் எவ்வளவு கனம் தாங்கும்?

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டம் பற்றி, கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது. அப்படியொரு துணை இல்லாத மேலூரிலும் ஒன்று நடந்தது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் அருகிலுள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போன செய்தி வந்தது. தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமான அரிட்டாபட்டியின் நிலமும் அதற்குள் அடக்கம். அதே மாதம் 23ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர்க் கூட்டம், சட்டமன்றம், நடைபயணம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதில் விளைந்த வெற்றி அது.

இதையே பரந்தூரோடு ஒப்பிட வேண்டும். அங்கே திட்டமிடப்பட்ட விமான நிலையத்துக்காக நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபை தவறாமல் எதிர்ப்புத் தீர்மானம் போட்டுவருகிறார்கள். திட்டம் கைவிடப்படவில்லை. மேலூரில் மாநில அரசும் எதிர்த்தது. பரந்தூரில் மாநில அரசே திட்டத்தின் உரிமையாளர். தீர்மானப் புத்தகத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் எடை குறைவு. மீதி எடையை அரசியல் சூழல் ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது.

எடை குறைந்ததற்கு நம் மாநிலத்துக்கென்றே சில காரணங்கள் உள்ளன. கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் திட்ட நிதியின் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று. அங்கே கிராம சபை வார்டு அளவிலேயே கூடுகிறது. இங்கே முழு ஊராட்சிக்கும் ஒரே சபை. உள்ளாட்சித் தேர்தலே நமக்கு அவசரமற்ற காரியம். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரிலும், ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும் நடந்தது. 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கேள்வி கேட்க ஆளிருந்தும் பதில் சொல்ல ஆளில்லாத நாற்காலி.

சாதியையும் சேர்த்தே பேச வேண்டும். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலை நடத்தவே முடியவில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ‘குடிமக்கள்’ என்று ஒரே சொல்லில் நாம் அழைப்பவர்கள் எல்லோருக்கும் கிராம சபையில் ஒரே நாற்காலி கிடைப்பதில்லை. சிலர் இன்றும் பந்தலின் ஓரத்தில் நிற்கிறார்கள். கணக்குக் கேட்கும் குழு ஒரே தெருவிலிருந்து மட்டும் வந்தால், அது பாதிக் கணக்கைத்தான் கேட்கும்.

கூட்டம் கலைந்த பிறகு

2011இல் ஊழலை விசாரிக்க லோக்பால் வேண்டும் என்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே இருந்த உண்ணாவிரதத்துக்கு நாடே திரண்டது. லோக்பால் சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். இடைப்பட்ட ஐந்தாண்டில் ராம்லீலா மைதானத்து ஆட்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதி புதுக் கட்சியாகி டெல்லியை ஆண்டது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் ஒரு வாரத்தில் ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே வாங்கினார்கள். அந்த ஒழுங்கும் வேகமும் அதே ஆண்டில், உள்ளாட்சித் தேர்தலை ஏன் நடத்தவில்லை என்று கேட்கத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆந்திரத்தின் துபகுண்டா ஊரில் 1992இல் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பிய பெண்கள் வேறு வகை. எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் மாலைதோறும் கூடியவர்கள் அவர்கள். போராட்டத்துக்கு முன்பே கூட்டம் இருந்தது. போராடிய பிறகும் வகுப்பு இருந்தது. அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது.

நாற்காலியில் உட்கார்வது

தேர்தலில் நிற்க நினைப்பவருக்கு ஊராட்சித் தேர்தல் நல்ல வாசல். தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 1996 முதல் பத்தாண்டு ஓடந்துறை ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், மேட்டுப்பாளையம் அருகிலுள்ள அந்தச் சிறிய ஊராட்சி சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. கடன் வாங்கும் அளவுக்கு ஓர் ஊராட்சியின் கணக்கு சுத்தமாக இருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய செய்தி. மறுபக்கம், மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் நீக்குவதற்கு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. நல்ல தலைவர் பதவியில் நிலைக்க வேண்டுமானாலும் அவருக்குப் பின்னால் சபை நிற்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கல்

இந்தப் பேச்சு வந்தாலே உத்திரமேரூர் வந்துவிடும். பராந்தகச் சோழன் காலத்து 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகளைப் பெருமைக்காக நினைவுகூர்கிறோம். அவை சொல்வது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபையைப் பற்றி என்பதை மறைக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. ஊரின் முப்பது குடும்புகளிலும் (வார்டுகளிலும்) பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வாரியம் எனப்பட்ட குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி வாய்ப்பில்லை.

குலுக்கல் இன்று வேறொரு நாட்டில் உயிரோடு இருக்கிறது. அயர்லாந்தில் 2016இல் அமைந்த குடிமக்கள் பேரவைக்கு 99 சாதாரண மக்களைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கருக்கலைப்புத் தடை பற்றி, கட்சிகள் தொடத் தயங்கிய கேள்வியை அவர்கள் மாதக்கணக்கில் நிபுணர்களைக் கேட்டு விவாதித்துப் பரிந்துரை தந்தார்கள். 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க ஒப்பினார்கள். தமிழக நகரங்களில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்திருக்கின்றன. வார்டு குழுவுக்கு உறுப்பினர்களைக் கவுன்சிலருக்கு வேண்டியவர்களாகப் பார்த்துப் போடுவதைவிட, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தால் என்ன என்று கேட்க நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழைய முன்மாதிரியே இருக்கிறது.

இந்த வழிகளில் எதுவும் மற்றொன்று இல்லாமல் தனியே போதுமானதாக இருந்ததில்லை. வழக்கு வாங்கித் தந்த பிரமாணப் பத்திரத்தைத் தெரு வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆர்.டி.ஐ.யில் வந்த எம்-புக் நகல் கிராம சபையில் படிக்கப்படும்போதுதான் பல் முளைக்கிறது. கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டமன்றத்திலோ சாலையிலோ துணை தேவைப்படுகிறது. இவற்றை இணைக்கும் குழு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பிரபலமும் வேண்டாம். அடுத்த முறையும் வர வேண்டும், அவ்வளவுதான்.

மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக நூறு பேர் வர வேண்டும். ஆள் சேராத ஊர்களில் அந்த எண்ணிக்கையை நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளர்களை உட்கார வைத்து நிரப்புவது பழக்கமாகிவிட்டது. அவர்களில் ஒரு பெண், தன் கூலி எப்போது வரும் என்று கேட்க எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நாற்காலிக்காரர் அவருடைய சேலையைப் பிடித்து உட்கார வைக்காமல் இருந்தால், பின்வரிசையிலிருந்து இன்னொருவர் “பதில் சொல்லுங்க” என்றால், செயலர் படிவம் 30ஐ மறுபடி விரிக்க வேண்டி வரும்.